நாற்பத்தேழாம் எண்

தோவாளையில் பூக்கூடைகள் இறங்கியதும்
பேருந்து பாதி காலி.
பிச்சி வாசம் மட்டும் இறங்கவில்லை;
ஆரல்வாய்மொழி வரை டிக்கெட் எடுக்காமல் வந்து
டீக்கடை பாய்லர் புகையில் கலைந்தது.

மூன்று பேர். ஆறு லிட்டர் தண்ணீர்.
ஒரு சீப்பு மட்டிப்பழம்.
பூசையைத் தவறவிட்டதற்கு அம்மாவிடம்
வாங்கிக் கட்டிக்கொண்டு வந்த விஜிலாவின் பையில்
உப்பிலிட்ட நெல்லிக்காய்.
பங்குனி, காற்று விடுப்பில் போகும் மாதம்.
அதனால் எங்களுக்கும் ஒரு ஞாயிறு.

ஏறாதவன் இல்லை நான்.
வாரம் ஆறு நாள் காற்றாலையின் வயிற்றுக்குள்
இருநூற்று அறுபத்திரண்டு படி,
இடுப்பில் கொக்கி, நெற்றியில் விளக்கு,
என் மூச்சை எனக்கே திருப்பித் தரும் இரும்புக் குழாய்.
அங்கே உயரம் என்பது ஓர் எண்.
எண்ணி முடித்தால் வந்துவிடும்.

பொத்தைக்கு எண் கிடையாது.
முதல் அரை மணி உடைமரம்,
சட்டையைப் பிடித்து நிறுத்தி
வந்த காரியம் கேட்கும் முள்.
பிறகு கேட்கவும் ஆளில்லை.
வெளிறிய புல்,
உருள்வதற்கு ஒரு காலை எதிர்பார்த்திருக்கும் கல்,
ஆடுகள் போட்டு
ஆடுகளே மறந்துவிட்ட வழி.

ஒன்பது மணிக்கு
பாறையில் கையூன்றிய பென்சிகர் அண்ணன்
விரல்களை வாயில் வைத்துக்கொண்டு சொன்னார்:
"தோசைக்கல்லு தோத்துரும் மக்கா."

ஸ்டோரில் போல்ட் எண்ணிக் கொடுக்கும் விஜிலா
இங்கே தண்ணீரை மூடியால் அளந்தாள்.
ஆளுக்கு எட்டு மூடி.
கூடக் கேட்டால்
கையெழுத்துப் போடச் சொல்வாள்போல ஒரு பார்வை.

உச்சி என்று தொட்டது
உச்சியின் தோள்.
இன்னும் அதே அளவு, இன்னும் செங்குத்தாய்,
வெயிலின் முகத்துக்கு நேரே.
அண்ணன் உட்கார்ந்துவிட்டார்.
ஒரு துண்டை விரித்தால் நிறைந்துபோகும் நிழல்.
"போயிட்டு வாங்க. இதுக்கு நான் காவலு."

கடைசி ஏற்றத்தில் பேச்சில்லை.
நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கிடந்தது.
காதுக்குள் யாரோ நெல் குத்தினார்கள்.

மேலே
வெள்ளைச் சாயம் உரிந்த அளவைக் கல் ஒன்று.
அதன்மேல் ஆட்டுப் புழுக்கை.
புதுசு.

மேற்கே குளங்களும் வாழையும் தென்னையுமாய்
மழை வரம்போடு நின்றுகொண்ட நாடு.
கிழக்கே சிவந்த தரை
கண்ணுக்கெட்டும்வரை தாகத்தோடு.
தெற்கே கடல், ஊசியில் கோக்கலாம்போல.
நடுவில் கணவாய்;
அதில் வரிசை வரிசையாய்
அசையாமல் எங்கள் காற்றாலைகள்.
ஆறு வருடம் உள்ளே ஏறியவனுக்கு
அவை வெள்ளை நிறம் என்பதே
அன்றுதான் உறைத்தது.

நெல்லிக்காயைக் கடித்தோம்.
பல்லிடுக்கில் உப்பு ஊறும்போது
பிடரியில் ஏதோ தொட்டது.
காற்று.
கீழே ஒன்று திரும்பியது. பக்கத்தில் இன்னொன்று.
சோம்பல் முறிப்பதுபோல எல்லாம்,
ஒன்றைத் தவிர.
விஜிலா விரலால் வரிசையை எண்ணினாள்.
எண்ண வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.
நாற்பத்தேழு.
நேற்று மாலை பிரேக்கை விடுவித்தேனா?
விடுவித்தேன். விடுவித்ததாக எழுதினேன்.
எழுதியது மட்டும்
இப்போது நன்றாக நினைவிருக்கிறது.

இறங்கி வரும்போது
அண்ணன் எழுந்து நின்றிருந்தார்,
பாறையில் முதுகு ஒட்டி, குதிகால் ஒட்டி,
ஐந்தாம் மாடி விளிம்பில் நிற்பவரைப்போல.
நண்பகலில் நிழல்
அவர் பாத அகலத்துக்குச் சுருங்கியிருந்தது.
"மேல என்னவே இருக்கு?"
"நாப்பத்தேழு ஓடல," என்றாள் விஜிலா.
அவர் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி,
சிரித்து, சிரிக்க முடியாமல்
உதட்டின் வெடிப்பைத் தடவிக்கொண்டார்.

மிச்சம் மூன்று மூடி. ஆளுக்கு ஒன்று.
அதற்குப் பிறகும் இறக்கம் கிடந்தது.
முகத்தைப் பாறைக்குத் திருப்பிக்கொண்டேன்,
கோபுரத்தில் இறங்குவதுபோல,
இல்லாத படியைக் காலால் துழாவி,
ஒன்று, இரண்டு என்று.
முப்பத்தொன்றில் கல் உருண்டது.
அது நிற்கும் சத்தத்துக்குக் காத்திருந்துவிட்டு
மறுபடி ஒன்று.